பாதி மருந்து

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு தீக்காய வார்டில் நர்ஸ். சீடர் அதே அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். அவர் தலையசைக்காமல் ஆபரேஷன் தியேட்டரில் யாரும் கத்தியைத் தொட முடியாது. உலகத்தில் சில சமயம் இப்படியும் நடக்கிறது. நடக்கும்போது சீடருக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

டாக்டர் வைரவன் முப்பது வருடமாக மனிதர்களைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். ஊசியைப் போட்டுவிட்டு, "ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க" என்பார். அஞ்சு வரைக்கும் போனவர் கிடையாது. தூங்குகிறவனுக்கு வலியில்லை, வலியில்லாதவனிடம் பேச ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

அதனால்தான் ஜெபக்கனி சிஸ்டர் தீக்காயக்காரர்களைக் கண்ணை மூடச் சொல்லி, என்னமோ பேசிக்கொண்டே கட்டுப் பிரிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஜெபக்கனி கற்றுக்கொண்டு வந்த ஹிப்னாடிசம் அது. "நம்ம ஆஸ்பத்திரிக்குக் குடுகுடுப்பைக்காரன் போஸ்டும் சாங்ஷன் ஆயிருச்சா?" என்று கேட்டுத் தியேட்டரையே சிரிக்கவைத்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு சனிக்கிழமை வரைக்கும்தான் நீடித்தது.

அன்று மத்தியானம் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தி வெள்ளைத்தாய், நாற்பத்தொரு வயது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருந்தது. புகையைக் குடித்து நுரையீரலும் கெட்டுப்போயிருந்தது. பிழைக்கமாட்டாள் என்று பார்த்தவுடனேயே வைரவனுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நாள் என்பதுதான் தெரியவில்லை.

தீக்காயத்துக்குத் தினமும் கட்டைப் பிரித்து, கழுவி, புதுக் கட்டுப் போட வேண்டும். அது பட்ட தீயை மறுபடியும் படுவது மாதிரி. மயக்க மருந்து இல்லாமல் ஆகாது. முதல் நாள் வைரவன் வந்து கொடுத்தார். இரண்டாம் நாள் அதே அளவைக் கொடுத்தபோது வெள்ளைத்தாயின் மூச்சு நின்றுபோனது. வாயில் காற்றுப் பையை வைத்து அமுக்கி அமுக்கி மூச்சைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் வைரவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. இனிமேல் பாதி அளவுதான் என்று சீட்டில் எழுதினார்.

மூன்றாம் நாள் பாதி கொடுத்தார். அந்தப் பாதி, பாதி வலியைத்தான் வாங்கிக்கொண்டது. மீதி வலிக்கு வெள்ளைத்தாய் கத்தினாள். வைரவன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை, ஏனென்றால் அவர் இருக்கிற இடத்தில் யாரும் விழித்திருந்து அவருக்குப் பழக்கமில்லை. கட்டு முடிந்ததுமே எழுந்து வராந்தாவுக்கு வந்து நின்றார். அழுகை வந்தது. இத்தனை வயதுக்கு அப்புறமா என்று அவருக்கே அசிங்கமாக இருந்தது.

ஜெபக்கனி இன்னொரு அறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்.

"சிஸ்டர், அந்தப் பொம்பளைகிட்ட நீங்க பேசக் கூடாதா?"

"ஆறு பேர் வந்திருக்காங்க சார். நான் ஒருத்தி. இன்னைக்கு அவங்ககிட்டப் போக முடியல."

வைரவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"என்னத்த சார்? குடுகுடுப்பையா?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார். ஜெபக்கனி சிரிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

"அடுத்த ரூம்ல ஒருத்தருக்குக் கட்டுப் போடப் போறாங்க. ஓரமா உக்காருங்க. அந்த ரூம்ல எத்தனை தடவை 'வலி'ங்கிற பேச்சு வருதுன்னு எண்ணிட்டு வாங்க."

வைரவன் போய் உட்கார்ந்தார். வலிக்குதா, வலிக்காதுய்யா, வலியைப் பொறுத்துக்கோ, இந்த எடம்தான் கொஞ்சம் வலிக்கும். டாக்டர், நர்ஸ், கட்டுப் போடுகிறவர், வாசலில் நின்ற சொந்தக்காரர், எல்லாரும் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். முக்கால் மணி நேரத்தில் நாற்பத்து மூன்று தடவை. அதில் நான்கு அவர் வாயிலிருந்தே வந்தவை.

காகிதத்தை ஜெபக்கனியிடம் நீட்டினார். ஜெபக்கனி பார்த்துவிட்டு மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"நாளைக்கு வெள்ளைத்தாய்கிட்ட நான் பேசுறேன். நீங்க பாருங்க."

நான்காம் நாள். பாதி மருந்து உள்ளே போனதும் வெள்ளைத்தாயின் இமை கனத்தது. ஆனாலும் தூக்கமில்லை. ஜெபக்கனி காதருகே குனிந்தார்.

"வெள்ளைத்தாயக்கா, நான் ஜெபக்கனி. மூச்சு எப்படிப் போய் எப்படி வருதுன்னு மட்டும் பாருங்க. அதுவா வரட்டும். எதுவும் கூடிப்போச்சுன்னா எடது கை சுண்டுவிரலை அசைச்சுக் காட்டுங்க, நான் நிறுத்திருவேன்."

அந்த ஒரு விரல்தான் கட்டுக்கு வெளியே இருந்தது.

"இப்ப எங்க போகணும் அக்கா?"

கொஞ்ச நேரம் கழித்து உதடு அசைந்தது. "வீட்டுக்கு."

"போவோம். வீட்டுல யாரு இருக்கா?"

"அபிநயா."

ஜெபக்கனியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு கட்டைப் பிரிக்க ஆரம்பித்தது.

அபிநயா வெள்ளைத்தாயின் ஒரே மகள், பத்தொன்பது வயது, கல்லூரி மாணவி. லீவு நாளில் வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், வா என்று அன்றைக்கு அம்மாதான் ஆலைக்குக் கூட்டிப் போயிருந்தாள். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. வெள்ளைத்தாயின் தம்பி கருத்தப்பாண்டி வந்த அன்றே எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். "பிள்ளை மதுரை ஆஸ்பத்திரியில இருக்குன்னு சொல்லியிருக்கேன். யாரும் வாய் தவறிச் சொல்லிராதீங்க." இதில் புதிதாக ஒன்றுமில்லை. படுத்துக் கிடக்கிறவரிடம் சாவைச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை. டாக்டரிலிருந்து பக்கத்துப் படுக்கைக்காரர் வரைக்கும் எல்லாரும் அந்தப் பொய்க்குக் கூட்டாளிகள்.

அன்று வெள்ளைத்தாய் கத்தவில்லை. இரண்டு முறை சுண்டுவிரலை அசைத்தாள். இரண்டு முறையும் ஜெபக்கனி நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தொடங்கினார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் வைரவன் பேனாவை எடுத்தார். "நீங்க பேசினத அப்படியே சொல்லுங்க சிஸ்டர். எழுதி மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

ஜெபக்கனி சுவரில் சாய்ந்தார்.

"பெங்களூர்ல எனக்கும் எழுதித்தான் குடுத்தாங்க சார். அழகா இருக்கும். 'நீங்கள் கடற்கரையில் நிற்கிறீர்கள், அலை உங்கள் காலைத் தொடுகிறது.' இங்க வந்து ரெண்டாவது மாசம் ஒருத்தருக்கு அதை வாசிச்சேன். உப்பளத்துல வேலை பாக்குறவர், வீட்டுல ஸ்டவ் வெடிச்சு வந்தவர். அலைன்னு சொன்னதும் எந்திரிச்சு, ட்ரிப்பைப் பிடுங்கி எறிஞ்சுட்டு ஓடப் பாத்தார். அவருக்கு அலைன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. அவர் மூணு பிள்ளையக் கடலுக்குக் குடுத்தவர்."

"அப்புறம்?"

"பேப்பரக் கிழிச்சுட்டேன். இப்ப நான் எடம் சொல்றதில்ல. கேக்குறேன்."

வைரவன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவரே பேசினார். ஜெபக்கனி கட்டைப் பிரிக்க, வைரவன் தலைமாட்டில் ஒரு கண்ணை மானிட்டரில் வைத்துக்கொண்டு, பழக்கமில்லாத குரலில் ஆரம்பித்தார். அவ்வளவு வருடமும் அவர் நோயாளியிடம் பேசியதெல்லாம் சேர்த்தாலும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு வராது.

"எங்க போகணும்மா?"

"வீட்டுக்கு."

"அபிநயா என்ன செய்யுறா?"

"தலை பின்னிவிடச் சொல்றா."

"பின்னிவிடுங்க. ரெட்டைச் சடையா?"

"ரெட்டைச் சடைன்னா சண்டைக்கு வருவா. ஒத்தச் சடைதான்."

"முடிய மூணாப் பிரிச்சாச்சா? அவசரமில்ல. மெதுவாப் பின்னுங்க."

வெள்ளைத்தாயின் மூச்சு தணிந்தது. சுண்டுவிரல் அசைந்தது. வைரவன் பதறி, "நிறுத்துங்க சிஸ்டர்" என்றார். ஜெபக்கனி உற்றுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். அது நிறுத்தச் சொல்லும் அசைவில்லை. விரல் பின்னிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மூன்று நாள் அந்தச் சடைதான். சடை முடியும்போது கட்டும் முடியும். வார்டில் செய்தி பரவி, சின்ன டாக்டர்கள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். வைரவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அபிநயாவைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனார். எண்ணெய் வைத்தால் பிடிக்காது, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள், கண்ணாடி பார்த்துவிட்டு அவிழ்த்து மறுபடியும் பின்னச் சொல்வாள். அந்தப் பெண் உயிரோடில்லை என்பது அவருக்கே அடிக்கடி மறந்துபோனது.

ஏழாம் நாள் கட்டு முடிந்தது. ஜெபக்கனி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வைரவன் மருந்தை எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்."

வெள்ளைத்தாய் கண்ணைத் திறந்திருந்தாள்.

"என்னம்மா?"

"அவ எங்க சார்?"

வைரவனின் பேனா நின்றது. அவர் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்கள்தான் இந்த இடத்தில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வார்கள். வெறுமனே மதுரையில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். சடை பின்னும்போது பேசிய அதே குரலில், கூட ஒரு பூவும் வைத்துச் சொன்னார்.

"மதுரையில நல்லா இருக்காம்மா. அம்மா வந்து தலை பின்னிவிட்டாத்தான் சாப்பிடுவேன்னு அடம் பிடிக்கிறாளாம்."

வெள்ளைத்தாய் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டாம் நாள் அதே பாதி மருந்து, அதே நேரம், அதே ஆட்கள்.

"எங்க போகணும்மா?"

பதில் இல்லை.

"வீட்டுக்குப் போவோமா? முடிய மூணாப் பிரிச்சு..."

வெள்ளைத்தாய் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை கடைசி வரைக்கும் மாறவில்லை. கட்டின் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை கத்தினாள். சுண்டுவிரலை அசைத்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தினாலும் அசைத்தாள். வைரவன் பேசப் பேச அந்தக் கத்தல் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

வராந்தாவில் ஜெபக்கனியைப் பிடித்துக்கொண்டார்.

"மருந்து அதேதான். பேச்சும் அதேதான். ஏன் சிஸ்டர் அவங்க வீட்டுக்குப் போகல?"

"நேத்து நான் போனப்புறம் அவங்க ஏதாவது கேட்டாங்களா சார்?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

வைரவன் சொன்னார். தலை பின்னுகிற பேச்சையும் சேர்த்துச் சொன்னார். ட்ரேயில் மீதி மருந்தோடு ஒரு சிரிஞ்ச் கிடந்தது. ஜெபக்கனி அதை எடுத்து அவர் முன்னால் பிடித்தார்.

"இதைப் பொய் சொல்ற டாக்டர் போட்டாலும் வேலை செய்யுமில்ல?"

"செய்யும்."

"இது பாதி. பேச்சுங்கிற இன்னொரு பாதி அப்படிச் செய்யாது சார்."

வைரவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களுந்தானே சொல்லல? மொத நாள் அபிநயாங்கிற பேரக் கேட்டதும் உங்க கையும் நின்னுச்சே."

"ஆமா சார். எனக்குத் தைரியம் வரல."

அதற்கு மேல் சண்டை போட ஒன்றுமில்லாமல் போனது. ஜெபக்கனி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வைரவன் அந்த இடத்திலேயே நின்றார். சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். சொல்லாவிட்டால் தினமும் முழு விழிப்போடு வேக வேண்டும். இரண்டு பக்கமும் தீயாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டார்.

"சொல்லிரலாம்னு பாக்கேன்பா."

கருத்தப்பாண்டி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "வேணாம் சார். சொன்னா எங்கக்கா செத்துப்போயிரும்."

வைரவன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் தரையில் உட்காருவதைப் பார்த்ததும் கருத்தப்பாண்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான்.

"அப்ப... எப்படியும் போயிருமா சார்?"

"ஆமாப்பா."

"எத்தனை நாளு?"

"தெரியல. ரொம்ப இல்ல."

கருத்தப்பாண்டி துண்டை எடுத்தான். "நான் சொல்லமாட்டேன். என்னால முடியாது. நீங்க சொல்லுங்க. நான் வாசல்ல நிக்கேன்."

வைரவன் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைத்தாய், முந்தாநாள் நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவள் அவர் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

"அபிநயா மதுரையில இல்ல. அந்த எடத்துலயே இறந்துட்டா."

அவர் எதிர்பார்த்த கத்தல் வரவில்லை.

"எனக்கு முன்னாலதான் நின்னா சார்" என்றாள் வெள்ளைத்தாய். "தலைமுடிதான் மொதல்ல பத்துச்சு. நான் பாத்தேன்."

வைரவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லியும் முடியவில்லை. தலை பின்னிவிடச் சொல்கிறாள் என்று இந்தப் பெண்ணிடம்தான் அவர் சொல்லியிருந்தார். சாவு வந்தால் தேவலை போல அவருக்கு இருந்தது.

"பாத்தும் ஒருவேளை பிழைச்சிருப்பாளோன்னு" என்று வெள்ளைத்தாய் சொல்லிக்கொண்டே போனாள். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாகளே, அம்புட்டுப் பேருமா பொய் சொல்வாகன்னு. இன்னைக்கு என்ன கெழமை சார்?"

"ஞாயிறு."

"என்னைக்கு எடுத்தாக?"

"மறுநாளே. போன ஞாயிறு."

"எட்டு நாளாச்சு. யாரு எடுத்தா? என்ன துணி போட்டாக?"

வைரவனுக்குத் தெரியவில்லை. வாசலைப் பார்த்தார். கருத்தப்பாண்டி உள்ளே வந்து கால்மாட்டில் நின்றான்.

"நான்தான்க்கா எல்லாம் செஞ்சேன்."

"என்ன துணி?"

"பொங்கலுக்கு எடுத்தோம்ல, கத்திரிப்பூ கலர் சுடிதாரு. போட்டுவிட முடியலக்கா. மேலாக்க வச்சுவிட்டோம்."

"முகம் பாத்தியா?"

"கட்டித்தான் குடுத்தாக. அவுக்கக் கூடாதுன்னுட்டாக."

"வீட்டுக்குக் கொண்டாந்தீகளா, நேரா கொண்டுபோயிட்டீகளா?"

"வாசல்ல எறக்கி வச்சோம். அஞ்சு நிமிசம். தூறல் வேற விழுந்துச்சு."

"பூவு?"

"கனகாம்பரம். மல்லி கெடைக்கல."

"வாய்க்கரிசி யாரு போட்டா?"

கருத்தப்பாண்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லாம எப்படிக்கா... ஊர்க்காரப் பொம்பளைக போட்டாக."

வெள்ளைத்தாய் அதற்கு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. வைரவன் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பத்து மணிக்கு ஜெபக்கனி ட்ரேயோடு வந்தார். கட்டு நேரம். துக்கம் என்று ஒருநாள் தள்ளிப்போட முடியாத வேலை அது. வைரவன் பாதி மருந்தை ஏற்றினார். இமை கனத்தது.

அவருக்குப் பேசவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"எங்க போகணும்மா?"

"அன்னைக்கு."

"என்னைக்கு?"

"வாசல்ல எறக்கி வச்சாகள்ல. அங்க."

வைரவன் நிமிர்ந்து ஜெபக்கனியைப் பார்த்தார். நோயாளியை இதமான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும், துக்கத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பது அந்த வித்தையின் முதல் பாடம். அது ஜெபக்கனிக்குத் தெரியாததில்லை. ஜெபக்கனி துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வைரவன் குனிந்தார்.

"போவோம். தூறல் போட்டுக்கிட்டு இருக்கு. வாசல்ல எறக்கி வச்சிருக்காங்க. உங்க தம்பி நிக்கிறார்."

"ம்."

"கத்திரிப்பூ கலர் சுடிதார் மேலாக்க இருக்கு. கனகாம்பரம் வச்சிருக்காங்க."

"சரியா வைக்கல. சரிஞ்சுருக்கு."

"சரி பண்ணுங்க."

சுண்டுவிரல் லேசாக அசைந்தது.

ஜெபக்கனி வலது கைக் கட்டைப் பிரித்தார். எல்லாவற்றிலும் மோசமான இடம் அதுதான். எட்டு நாளும் அந்தக் கையைத் தொட்டாலே வெள்ளைத்தாய் உடம்பைத் தூக்கி அடிப்பாள். சடை பின்னிய நாட்களில்கூட அந்த இடத்தில் நாலைந்து தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

"அரிசி இருக்காம்மா?"

"இருக்கு. மடியில வச்சிருக்கேன்."

"போடுங்க. யாரும் அவசரப்படுத்தல."

அப்போது அந்த வலது கை எழுந்தது. தோலில்லாமல் சிவந்து கிடந்த கை. பாதி பிரித்த துணி அதிலிருந்து தொங்கியது. மூன்று விரலைக் கூட்டி, காற்றில் கொஞ்சம் முன்னால் நீட்டி, விட்டது. மறுபடியும் நீட்டி விட்டது. மூன்றாம் தடவையும் விட்டது. பிறகு மெல்ல இறங்கி, ஜெபக்கனி விரித்துப் பிடித்திருந்த துணியிலேயே வந்து படுத்தது. ஜெபக்கனி கழுவ ஆரம்பித்தார். வெள்ளைத்தாய் ஒரு முனகல்கூட முனகவில்லை. அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அந்த அழுகை கையைப் பற்றியதில்லை என்று வைரவனுக்குத் தெரிந்தது.

"தூக்கிட்டாகளா சார்?"

"தூக்குறாங்க. நீங்க கூட நடங்க. தெரு ஈரமா இருக்கு."

நடந்தார்கள். வெள்ளைத்தாய் வீட்டுத் தெருவை வைரவன் பார்த்ததில்லை. அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். குழாயடி, ரேசன் கடை, பிள்ளையார் கோவில், கரண்ட் கம்பம். வைரவன் ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிச் சுற்றுக் கட்டு முடிகிற நேரம் அவளை எப்படித் திருப்பிக் கூட்டி வருவது என்று தெரியாமல் ஜெபக்கனியைப் பார்த்தார். அதற்கு அவசியம் இல்லாமல் போனது.

"தெருமுனை வந்துருச்சு சார்" என்றாள் வெள்ளைத்தாய். "இதுக்கு மேல பொம்பளைக போறதில்ல."

"நில்லுங்க."

"போயிட்டாக. தெரியல இப்ப."

"சரிம்மா."

"திரும்பிட்டேன்."

அவளாகவே கண்ணைத் திறந்தாள். கட்டு முடிந்திருந்தது.

பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் நாட்களிலும் அதே வாசலுக்குத்தான் போகக் கேட்டாள். பன்னிரண்டாம் நாள் குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது, வைரவன் காதை உதட்டில் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் நாள் காலை கட்டுப் பிரிக்கப் போகும் முன்பே சிறுநீரகம் நின்று, பிறகு எல்லாம் நின்றது. கருத்தப்பாண்டி சத்தமில்லாமல் அழுதான். அக்காவை வாங்கிக்கொண்டு போக வண்டிக்குச் சொல்லிவிட்டு, வைரவனிடம் வந்து கும்பிட்டான். எதற்குக் கும்பிடுகிறான் என்று வைரவனுக்குப் புரியவில்லை.

ஜெபக்கனி வார்டுக்கு வெளியே குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வைரவன் பக்கத்தில் போய் நின்றார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உயிரைக் காப்பாத்தல. அது முடியாதுன்னு தெரியும், விடுங்க. வலியையாவது குறைச்சேனா? அதுவும் இல்ல. சடை பின்னிக்கிட்டு நிம்மதியா இருந்தவளை இழுத்துட்டுப் போய், பெத்த பிள்ளையோட பாடி முன்னால நிறுத்தினேன். நாலு நாள், தினமும். உடம்பு வலிக்கு மேல அதவிடப் பெரிய வலியக் குடுத்துத்தான் அனுப்பியிருக்கேன். இதுக்கா சிஸ்டர் உங்ககிட்டப் படிச்சேன்?"

ஜெபக்கனி குழாயை மூடினார். ஈரக் கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க கூட்டிட்டுப் போகல சார். பிள்ளைய எடுத்த அந்த ஞாயிறே அவங்க மனசால அந்த வாசலுக்குப் போயிட்டாங்க. யாருமில்லாம நின்னுட்டு இருந்தாங்க. நமக்குத்தான் போய்ச் சேர எட்டு நாள் ஆயிருச்சு."